அம்பு கோணலாப் போனா தப்பு யார் மேல?



இந்த வார எபிசோடில் கேலிப்ரேஷன் பற்றிப் பேசினோம். கிச்சன் தராசில் ஆரம்பித்து 3டி பிரிண்டர் வரைக்கும் வந்தோம். கடைசி ரெண்டு நிமிஷத்தில் காம்பவுண்ட் வில் பற்றி ஆரம்பித்தேன், நேரம் முடிந்துவிட்டது. மீதியை இங்கே எழுதறேன். வில்லைக் கையால் தொட்டதே இல்லையா? பரவாயில்லை, படிங்க. கோட் எழுதறவங்களுக்கு இதில் நிறைய விஷயம் ஏற்கெனவே பழகின மாதிரியே இருக்கும்.

கேள்வி ஒண்ணுதான். அம்பு நேராப் பறக்கலைன்னா, கோளாறு எய்யறவங்க கையிலா, வில்லிலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால் ரெண்டு விதமான நஷ்டம் வரும். சிலர் கை சரியில்லாததற்கு வில்லை மாற்றிக்கொண்டே இருப்பாங்க; காசு போகும். சிலர் வில் சரியில்லாததற்குத் தங்களையே திட்டிக்கொண்டிருப்பாங்க. ரெண்டாவது நஷ்டம்தான் பெரிசு. ஏன்னு கீழே சொல்றேன்.

இது என்ன வில்?

வில் என்றதும் நம்ம மனசில் வருவது வளைந்த ஒரு கம்பு, அதில் ஒரு நாண். அந்த மாதிரி வில்லில் இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். முழுசா இழுத்த நிலையில்தான் கை அதிகமா நடுங்கும். குறி பார்க்க வேண்டியதும் அதே நேரத்தில்தான்.

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். வில்லின் ரெண்டு நுனியிலும் மையம் விலகின சக்கரங்களை மாட்டி, நாணோடு கேபிள்களையும் அதில் சுற்றிவிட்டார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது. அதுதான் காம்பவுண்ட் வில்.

அந்தச் சக்கரத்துக்குப் பேர் கேம். இழுக்கும்போது கனம் ஒரு உச்சத்துக்குப் போகும், கேம் உருண்டு முடியும் இடத்தில் சட்டென்று இறங்கிவிடும். இந்த இறக்கத்தை லெட்-ஆஃப் என்று சொல்வாங்க. 50 பவுண்ட் வில்லில் லெட்-ஆஃப் 80 சதவீதம் என்றால், முழுசா இழுத்த பிறகு கை தாங்க வேண்டியது 10 பவுண்ட் மட்டும். நிதானமா மூச்சு விட்டு, குறி பார்த்து, விடலாம். நாணை விரலால் பிடிப்பதும் கிடையாது. நாணில் டி-லூப் என்று ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டியிருக்கும். ரிலீஸ் என்ற கொக்கிக் கருவியை அதில் மாட்டி இழுப்பாங்க.

இது ஏதோ வேட்டைக்காரங்க சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் 5 தங்கத்தையும் இந்தியா அள்ளியது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், கைகள் இல்லாமல் காலால் வில்லைப் பிடித்து எய்யும் ஷீத்தல் தேவி, ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் முதல் முறையா உள்ளே வருது, கலப்பு அணிப் போட்டியா.

ஒரு ஃப்ரேமுக்குள் முடிகிற கதை

விட்ட பிறகு என்ன நடக்குது? நாண் அம்பைத் தள்ளிக்கொண்டு ஓடும் தூரம் ஏறக்குறைய அரை மீட்டர். அம்பு கிளம்பும் வேகம் விநாடிக்கு 80 மீட்டர் என்று வைப்போம், சாதாரண டார்கெட் வில்லுக்கு இது நியாயமான கணக்கு. அப்போ சராசரி வேகம் 40 மீட்டர். அரை மீட்டரை 40ஆல் வகுத்தால் 0.0125 விநாடி, அதாவது சுமார் 12 மில்லிசெகண்ட். உங்க 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். ஒரு ஃப்ரேம் மாறுவதற்குள் அம்பு நாணை விட்டுப் போயாச்சு.

இந்த 12 மில்லிசெகண்டில் அம்பு பின்னாலிருந்து பலமா தள்ளப்படுது. முன்னால் கனமான முனை இருக்கு. நடுவில் இருக்கும் தண்டு கொஞ்சம் வளையத்தான் செய்யும். நாண் அம்பின் வாலை நேரா முன்னால் மட்டும் தள்ளினால் பிரச்சினை இல்லை. மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ துளி தள்ளினாலும், அம்பு வாலைத் தூக்கிக்கொண்டோ ஒருக்களித்தோ கிளம்பும்.

அப்புறம் எப்படி டார்கெட்டில் போய்ச் சரியாக் குத்துது? பின்னால் ஒட்டியிருக்கும் மூணு இறகுகள்தான் காரணம். இப்போதெல்லாம் அது பிளாஸ்டிக் வேன். வால் ஒரு பக்கம் போனால் காற்று அந்த இறகைத் தள்ளி மறுபடி நேராக்கும். அதாவது இறகு ஒரு ட்ரை-கேட்ச் மாதிரி. எர்ரர் வந்தது, பிடித்து விழுங்கியாச்சு, புரோகிராம் கிராஷ் ஆகலை. ஆனால் எர்ரர் வந்தது உண்மை.

இன்டோரில் 18 மீட்டரில் பெரிய இறகு வைத்து எய்தால் இந்த எர்ரர் கண்ணுக்கே தெரியாது. வெளியே 50 மீட்டருக்குப் போகும்போது தெரிய ஆரம்பிக்கும். கோணலாக் கிளம்பின அம்பு அந்தக் கோணலைச் சரிபண்ண வேகத்தைச் செலவு பண்ணுது. ஒவ்வொரு அம்பும் கொஞ்சம் வேற மாதிரி சரியாகுது. பக்கக் காற்று வந்தால் இன்னும் மோசம். போட்டி டார்கெட்டில் 50 மீட்டர் தூரத்தில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடறேன். சைட்டைத் திருகுவது ட்யூனிங் இல்லை. சைட் உங்க கண்ணிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதை 1 மில்லிமீட்டர் நகர்த்தும்போது 18 மீட்டரில் அம்பு சுமார் 2 சென்டிமீட்டர் நகரும். அம்பு எங்கே போய்க் குத்துது என்பதைத்தான் அது மாற்றும். எப்படிப் பறந்து போகுது என்பதை மாற்றாது. தப்பான விடையை வட்டமிட்டு மார்க் போடற மாதிரி ஆகிடும்.

சாய்வு வேற, சிதறல் வேற

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் பயாஸ், வேரியன்ஸ் என்று படிச்சிருப்பீங்க. தமிழில் சாய்வு, சிதறல் என்று வச்சுக்குவோம். பத்து அம்பும் ஒரே பக்கம் ஒரே அளவு தப்பினால் அது சாய்வு. பத்தும் பத்துத் திசையில் போனால் அது சிதறல்.

பொதுவா, சாய்வு மெஷினோடது, சிதறல் மனுஷனோடது. வில்லுக்கு மூடு கிடையாது. இன்னைக்கு மேலே, நாளைக்குக் கீழே என்று அது தள்ளாது. கேம் டைமிங் தவறியிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே அளவு தவறித்தான் இருக்கும். நம்ம கை அப்படி இல்லை. பயிற்சி சிதறலைக் குறைக்கும். ட்யூனிங் சாய்வை எடுக்கும். ஒண்ணின் வேலையை இன்னொண்ணு செய்யாது.

நம்ம வீடுகளில் எதற்கும் ஒரே மருந்துதான். பரதநாட்டிய அடவு வரலையா, நல்லா ப்ராக்டிஸ் பண்ணு. கணக்கில் மார்க் குறைஞ்சுதா, இன்னும் ப்ராக்டிஸ் பண்ணு. தப்பான அறிவுரை இல்லை, சிதறலுக்கு அதுதான் மருந்து. ஆனால் சாய்வு இருக்கிற வில்லோடு ஆயிரம் அம்பு எய்தால் என்ன ஆகும்? உடம்பு கெட்டிக்காரத்தனமா அதை ஈடுகட்டக் கத்துக்கும். வில் இடப்பக்கம் தள்ளினால் மணிக்கட்டு தானா வலப்பக்கம் முறுக்கும். ஆறு மாசத்தில் அது பழக்கமாகிடும். அப்புறம் வில்லைச் சரிபண்ணினாலும் கை பழைய முறுக்கலை விடாது. மெஷினில் இருந்த பக் இப்போ உங்க தசையில் உட்கார்ந்திருக்கும். ரெண்டாவது நஷ்டம் பெரிசுன்னு சொன்னது இதுக்குத்தான்.

எங்க கிளப்பில் நடந்தது

நான் இருக்கிறது இங்கிலாந்தில். எங்க கிளப்புக்கு ஒரு தமிழ்ப் பொண்ணு வரும், யூனிவர்சிட்டியில் ரெண்டாம் வருஷம். யாரோ வித்த பழைய வில்லை, கூடவே வந்த அம்புகளோடு வாங்கியிருந்தது. அம்பு ஒவ்வொண்ணும் மீன் வால் ஆட்டற மாதிரி ஆடிக்கொண்டே போகும். பார்த்தவங்க எல்லாரும் ஒரு ஆலோசனை சொன்னாங்க: பிடியை மாத்து, தோளை இறக்கு, ஜிம்முக்குப் போ. மூணு மாசம் அதையெல்லாம் செஞ்சு பார்த்துட்டு, ஒரு நாள் என்கிட்ட வந்து, "அண்ணா, எனக்கு இது வராது போல. வித்துடலாம்னு இருக்கேன்" என்றது.

"வித்துக்கலாம்மா, அதுக்கு முன்னாடி ஆறு அம்பு மட்டும் பேப்பர் வழியா விடு" என்றேன். ஆறு கிழிசலும் ஒரே அச்சு. ஒரே திசை, ஏறக்குறைய ஒரே நீளம். கை நடுங்கறவங்களால் ஆறு தடவை ஒரே மாதிரி தப்புப் பண்ண முடியாது. "இவ்வளவு ஒழுங்காத் தப்பு வருதுன்னா உன் கை நல்லாத்தான் இருக்கு" என்றேன். நம்பலை, சிரிச்சது.

அப்புறம் பார்த்தால் ரெண்டு கோளாறு. அந்த அம்புகளின் ஸ்பைன் எண் 340. 60 பவுண்டுக்கு மேல் இழுக்கும் ஆளுக்கு வாங்கினது. இந்தப் பொண்ணு இழுப்பது 38 பவுண்ட். அடுத்து, நாணும் கேபிளும் பழசாகி நீண்டு, மேல் கேம் கீழ் கேமை விடப் பின்தங்கி இருந்தது. கடையில் கொடுத்துப் புது நாண் போட்டு, டைமிங் சரிபண்ணி, தன் பலத்துக்கு ஏற்ற அம்பு வாங்கிக்கொண்டது. அம்பு ஆடுவது நின்றது. ஸ்கோர் அன்னைக்கே ஏறலை, சிதறல் இருக்கத்தானே செய்யும். ஆனால் இப்போ ப்ராக்டிஸ் பண்ணினால் அதற்குப் பலன் தெரியுது. வில்லை விற்கும் பேச்சு இல்லை.

கை வைப்பதற்கு முன்னால்

350 கிரெயின், அதாவது சுமார் 23 கிராம் எடையுள்ள அம்பு 80 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதில் இருக்கும் சக்தி 70 ஜூலுக்கு மேல். ஒரு கிலோ அரிசிப் பையை ரெண்டு மாடிக்கு மேலிருந்து கீழே போட்டால் வரும் சக்தி அது. அதனால் சில விஷயங்களில் விளையாட்டு வேண்டாம்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீங்க. அம்போடு போக வேண்டிய சக்தி எல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பும். லிம்ப் பிளக்கும், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். அம்பின் எடை ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது என்பது பரவலான விதி. 50 பவுண்ட் வில்லுக்கு 250 கிரெயின். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன்னால் மெதுவா வளைத்துப் பாருங்க, விரிசல் சத்தம் கேட்டால் தூக்கிப் போடுங்க.

நாண், கேபிள், கேம் இதையெல்லாம் கழற்ற பிரஸ் என்ற இயந்திரம் வேணும். அது கடைக்காரங்க வேலை. வீட்டில் உங்க வேலை பார்ப்பது, அளப்பது, குறிப்பது. எய்து பார்ப்பது கிளப் ரேஞ்சில் மட்டும். இங்கே பெரும்பாலான கிளப்களில் சேர்வதற்கு முன்னால் பிகினர்ஸ் கோர்ஸ் முடிக்கச் சொல்வாங்க, அது நல்லதுக்குத்தான்.

வரிசை மாறக் கூடாது

ட்யூனிங்கில் நிறைய பேர் நேரா ரெஸ்டைத் திருக ஆரம்பிப்பாங்க. டேட்டாபேஸ் தப்பா இருக்கும்போது சிஎஸ்எஸ் மாத்தற மாதிரி அது. மேலிருந்து கீழே வரணும்.

1. வில். ரெண்டு கேம் உள்ள வில் என்றால், முழுசா இழுத்த நிலையில் ரெண்டு கேமும் ஒரே நேரத்தில் தங்கள் நிறுத்தத்தைத் தொடணும். இதைத்தான் டைமிங் என்கிறோம். ஒண்ணு முந்தினால் நாண் அம்பின் வாலை மேலேயோ கீழேயோ தள்ளும். நண்பர் ஒருத்தரைப் பாதுகாப்பாப் பக்கவாட்டில் நிற்கவைத்து ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நிறுத்திப் பார்த்தால் தெரிஞ்சிடும். டைமிங் சரியா இருக்கும்போதே கேபிள் எங்கே கேமைக் கடக்குதோ அங்கே வெள்ளி நிற மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்க. நாண் நீண்டால் அந்தக் கோடு நகர்ந்திருக்கும், அதுதான் உங்க அலாரம்.

கேம் சாய்ந்து நிற்குதா என்றும் பாருங்க. நேரான அம்பு ஒண்ணைக் கேமின் தட்டையான பக்கத்தில் ஒட்டி வைத்தால், அது நாணுக்கு இணையாப் போகணும். விலகிப் போனால் கேம் சாய்ந்திருக்கு, பக்கவாட்டுக் கோளாறுக்கு இது ஒரு முக்கியக் காரணம். வில்லின் மாடலைப் பொறுத்து கேபிளை முறுக்கியோ, கேம் பக்கத்தில் மெல்லிய வளையங்களை மாற்றியோ சரிபண்ணுவாங்க. கூடவே வில்லின் அளவுகள் தயாரிப்பாளர் கொடுத்ததோடு ஒத்துப்போகுதா, இழுப்பு நீளம் உங்க உடம்புக்குச் சரியா என்பதையும் முடிச்சுக்கணும்.

2. அம்பு. தண்டின் விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறோம். 28 அங்குல இடைவெளியில் ரெண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்ட் எடையைத் தொங்கவிடுவாங்க. அரை அங்குலம் வளைந்தால் அது 500 ஸ்பைன். 0.340 அங்குலம் மட்டும் வளைந்தால் 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். முதல் முறை கேட்கும்போது எல்லாருக்கும் தலைகீழாத்தான் தோணும்.

அது நிற்கும்போது உள்ள விறைப்பு. எய்யும்போது வேற கணக்கு. வில்லின் பவுண்ட் கூடினால், தண்டு நீளமா இருந்தால், முனை கனமா இருந்தால் அதே அம்பு தளர்ந்த அம்பு மாதிரி நடந்துக்கும். அம்புத் தயாரிப்பாளர்களின் அட்டவணையில் உங்க பவுண்டையும் அம்பு நீளத்தையும் வைத்துப் பார்த்து வாங்குங்க. நண்பர் கொடுத்தார், ஆஃபரில் கிடைச்சுது என்று வாங்கின அம்பை ரெஸ்டைத் திருகிச் சரிபண்ண முடியாது.

3. ஆரம்ப நிலை. பக்கவாட்டில் பார்த்தால் அம்பு நாணுக்கு 90 டிகிரியில் இருக்கணும். ரெஸ்ட் மாட்டும் திருகு ஓட்டையின் நடுவை ஒட்டிக் கடக்கணும். அம்பின் மையம் வில்லின் உடம்பிலிருந்து சுமார் 20 மில்லிமீட்டர் தள்ளி இருப்பது பல வில்களுக்கு நல்ல தொடக்கம். உங்க மேனுவலில் வேற எண் இருந்தால் அதையே எடுத்துக்குங்க. இந்த எண்களை எழுதி வையுங்க. பின்னால் எல்லாம் குழம்பினால் திரும்பி வர ஒரு கமிட் வேணுமில்லையா?

4. பேப்பர். ஒரு சட்டத்தில் சாதாரண பேப்பரை இறுக்கமா ஒட்டி, அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி டார்கெட் வைத்து, பேப்பரிலிருந்து ரெண்டு மீட்டர் தூரத்தில் நின்று எய்யணும். அம்பு நேராப் போயிருந்தால் ஒரு வட்ட ஓட்டையும் அதைச் சுற்றி இறகுகளின் மூணு வெட்டும் இருக்கும். கோணலாப் போயிருந்தால் முனை போட்ட ஓட்டையிலிருந்து வால் போன பக்கமா ஒரு கிழிசல் நீளும்.

ஒரு கிழிசலைப் பார்த்து எதையும் மாத்தாதீங்க. மூணு முறை ஒரே மாதிரி வந்தால்தான் அது தகவல். மூணும் மூணு மாதிரி வந்தால் அது உங்க பிடி, அல்லது விடும் விதம். வில்லை விட்டுட்டுக் கோச்சிடம் போங்க.

வால் மேலே கிழித்தால், நாணில் அம்பு பொருந்தும் இடத்தைக் கொஞ்சம் இறக்குங்க, அல்லது ரெஸ்டைக் கொஞ்சம் ஏத்துங்க. கீழே கிழித்தால் நேர் எதிர். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் போதும்.

பக்கவாட்டுக் கிழிசலுக்கு மட்டும் மனப்பாட விதி வச்சுக்காதீங்க. ரெஸ்ட், கேம் சாய்வு, அம்பின் விறைப்பு, கையின் முறுக்கல் எல்லாமே ஒரே மாதிரி கிழிசலைத் தரும். அதனால்தான் ஒரு கையேடு வலப்பக்கம் நகர்த்து என்கும், இன்னொண்ணு இடப்பக்கம் என்கும். ரெஸ்டை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்த்தி மூணு அம்பு விடுங்க. கிழிசல் குறைந்தால் அதே திசை, கூடினால் திரும்பி வாங்க. ரெண்டு மூணு மில்லிமீட்டர் நகர்த்தியும் சரியாகலை என்றால் கோளாறு ரெஸ்டில் இல்லை. படி 1க்குப் போங்க.

கையின் முறுக்கலைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உங்க அளவே இழுப்பு நீளம் உள்ள, அனுபவமான ஒருத்தரை அதே வில்லில் எய்யச் சொல்லுங்க. அவருக்கும் அதே கிழிசல் வந்தால் வில். அவருக்கு மட்டும் நேராப் போனால் உங்க பிடி. வில்லை இறுக்கிப் பிடிக்காமல், கட்டைவிரல் அடிமேட்டில் சும்மா தாங்கி நிறுத்துவதுதான் சரியான பிடி.

5. உரசல். என்ன மாத்தினாலும் கிழிசல் மாறாமல் அடம்பிடித்தால், இறகு எங்கேயோ ரெஸ்டிலோ கேபிளிலோ உரசுது என்று சந்தேகப்படுங்க. காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை அம்பின் வால் பக்கமும் ரெஸ்டிலும் அடித்து ஒரு முறை எய்யுங்க. உரசின இடத்தில் பவுடர் போயிருக்கும். அம்பின் நாக்கைக் கொஞ்சம் திருப்பினாலே பல நேரம் இறகு விலகிடும்.

6. மொட்டை அம்பு. இதுதான் உண்மையான பரீட்சை. இறகு இல்லாத அம்பை எய்யணும். ட்ரை-கேட்சை எடுத்துட்டு ரன் பண்ணற மாதிரி: எர்ரர் இருந்தால் நேரா முகத்தில் வந்து விழும். பேப்பரில் சுமாராச் சரியான பிறகுதான் இதற்கு வரணும். முதலில் 5 மீட்டரில், அப்புறம் 10, அப்புறம் 18. சரியில்லாத வில்லில் மொட்டை அம்பு ஒருக்களித்துக் குத்தி உடைஞ்சே போகலாம்.

மூணு இறகு அம்பு, ரெண்டு மொட்டை அம்பு, எல்லாம் ஒரே புள்ளியைக் குறி வைத்து. மொட்டைகள் இறகு அம்புகளோடு சேர்ந்து, நேரா நின்று குத்தியிருந்தால் வேலை முடிஞ்சது. மொட்டை கீழே போனால் வால் மேலே தூக்குது என்று அர்த்தம். பேப்பரில் சொன்ன அதே மருந்து, இன்னும் சின்ன அளவில். பக்கவாட்டில் விலகினாலும் அதே சோதனை முறைதான்: கொஞ்சம் நகர்த்து, மூணு எய், ஒப்பிடு.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம். ரெஸ்டையும் டி-லூப்பையும் ஒண்ணா மாத்தி அம்பு நேராப் போனால், எது சரிபண்ணுச்சு என்று உங்களுக்கே தெரியாது. தேதி, என்ன மாத்தினேன், எத்தனை மில்லிமீட்டர், என்ன ஆச்சு. ஃபோன் நோட்ஸில் நாலு வார்த்தை போதும்.

எப்போ நிறுத்தணும்?

இது ஒரு போதை. பேப்பரில் முழு வட்டம் வரும்வரை விடமாட்டேன் என்று சனிக்கிழமை முழுக்க ஆலன் கீயோடு உட்கார்ந்திருக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். ஒரு எளிய அளவுகோல் சொல்றேன். 18 மீட்டரில் உங்க இறகு அம்புகள் எவ்வளவு பரப்பில் குத்துது என்று பாருங்க. ஒரு சாஸர் அளவு என்று வைப்போம். மொட்டை அம்புகள் அந்தச் சாஸருக்குள்ளேயே வந்தால், நிறுத்துங்க. இனி நீங்க திருகும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் உங்க சிதறலுக்குள் மறைஞ்சுடும். முன்னேறுதா, பின்னே போகுதா என்று அளக்கவே முடியாது. சத்தத்தை ட்யூன் பண்ணிக்கொண்டிருப்பீங்க. இப்போதான் அந்த வீட்டு மருந்துக்கு நேரம்: ப்ராக்டிஸ். சாஸர் ஒரு டம்ளர் வாய் அளவுக்குச் சுருங்கினதும் மறுபடி மொட்டை அம்பை எடுங்க.

அது தவிர எப்போ திரும்பப் பார்க்கணும்? புது நாண் போட்டால், அது படிஞ்ச பிறகு. பவுண்டை மாத்தினால். வேற அம்பு, வேற முனை வாங்கினால். வில் கீழே விழுந்தால். மார்க்கர் கோடு நகர்ந்திருந்தால்.

கிளப்பில் யாராவது உங்க அம்பு ஆடுவதைப் பார்த்து, "இன்னும் ப்ராக்டிஸ் பண்ணுப்பா" என்றால், மரியாதையாத் தலையாட்டிட்டு, மூணு அம்பைப் பேப்பர் வழியா விட்டுப் பாருங்க. கிழிசல் மூணும் வேற வேற மாதிரி இருந்தால் அவர் சொன்னது சரி. மூணும் ஒரே மாதிரி இருந்தால், அந்தப் பேப்பரை அவரிடமே எடுத்துட்டுப் போய்க் காட்டி, டைமிங் பார்க்க உதவி கேளுங்க. கிளப் பெரியவங்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. அன்னைக்கு உங்களுக்கு டீயும் கிடைக்கும்.

உங்க வில்லின் பேப்பர் கிழிசலை ஃபோட்டோ எடுத்து, பவுண்ட், அம்பு நீளம், ஸ்பைன் மூணையும் எழுதி இந்த மெயிலுக்கே பதிலா அனுப்புங்க. மூணு கிழிசல் வேணும், ஒண்ணு போதாது. அடுத்த எபிசோடில் சிலவற்றை எடுத்துப் பேசறேன்.